வீட்டில் கைப்பை தைக்க எந்த மிஷின்? இரண்டு வருஷம் தைத்த பிறகு சொல்கிறேன்

கைப்பை தைக்க ஆசையாக இருக்கிறது, எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைக்குப் போவதற்கு முன்னால் அம்மா வீட்டிலோ மாமியார் வீட்டிலோ பழைய புடவையைப் போட்டு மூடி, மேலே பேப்பர் கட்டை அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தக் கறுப்பு மிதி மிஷினைப் போய்ப் பாருங்கள். நான் இரண்டு வருஷமாக அதில்தான் தைக்கிறேன். தோள்பை, ஸ்லிங் பை, டிபன் பை, மகளுக்கு லேப்டாப் பை என்று நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஆறு மாதம் ஒரு புது வெள்ளை மிஷினோடு மல்லுக்கட்டினேன். இரண்டிலும் தைத்துப் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். கூடவே பை சாமான் வாங்கச் சென்னையில் பெரியமேட்டுக்கும் பாரிமுனைக்கும் அலைந்த கதையையும் சொல்லியாக வேண்டும், மிஷின் பாதி வேலைதான் செய்யும், மீதி நீங்கள் வாங்கி வரும் சாமானில் இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளை மிஷின். பெயர் வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த கம்பெனிதான். இருபத்தொரு வகைத் தையல் போடும், பூ போடும், காஜா எடுக்கும், கையில் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். வீடியோவில் பார்த்தால் அதில் ஒரு பெண் பத்து நிமிஷத்தில் பை தைத்து முடிக்கிறார். நானும் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஜாக்கெட்டுக்கும் தலையணை உறைக்கும் அருமையாக ஓடியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பைக்கு வந்தால் கதை வேறு. பையின் வாய்ப் பக்கம், அதாவது கைப்பிடியும் ஜிப்பும் பக்கவாட்டுத் தையலும் ஒன்றாகச் சேரும் இடத்தில், வெளித்துணி இரண்டு மடிப்பு, உள்ளே ஃபோம், லைனிங் இரண்டு மடிப்பு, அதற்கு மேல் நாடா என்று எளிதாக எட்டு அடுக்கு வந்துவிடும். அங்கே வந்ததும் மோட்டார் உறுமும், ஊசி இறங்காது, துணி நகராது. கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடித்து உடையும். நான்காவது ஊசி உடைந்தபோது, அடிநூலை மேல் நூலோடு கோக்கும் ஷட்டிலின் டைமிங்கும் சேர்ந்து போய்விட்டது, அதன் பிறகு மெல்லிய துணியில்கூடத் தையல் விட்டு விட்டு விழுந்தது. சர்வீஸ் சென்டரில் "இது கனமான துணிக்கு இல்லீங்க மேடம்" என்றார்கள். வாங்கும்போது அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஜீன்ஸ் தைக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது, ஜீன்ஸ் இரண்டு மடிப்பு வரைக்கும் தைக்கலாம் என்று அர்த்தமாம்.

அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் அத்தை, அதாவது என் மாமியார், "என் மிஷின் மாடிப்படிக்குக் கீழ கெடக்குது, எடுத்துப் பாரேன்" என்றார். உஷா கம்பெனியின் கறுப்பு மிஷின், உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு, தங்க நிறப் பூவேலை பாதி அழிந்து போயிருந்தது. அத்தை கல்யாணமான புதிதில் வாங்கியது, அதில் தைத்து மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சட்டை போட்டவர். பதினைந்து வருஷமாக யாரும் தொடவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவே இல்லை.

மிஷின் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கே வந்தார். பார்த்த உடனேயே, "ஒண்ணும் ஆகலம்மா, எண்ணெய் காஞ்சி பிசினாட்டம் ஒட்டியிருக்கு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, தலையைக் கழற்றி ஒரு தட்டில் சாய்த்து, எண்ணெய் விடும் துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் ஊற்றினார். அரை மணி நேரம் ஊறவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட ஆட்ட, தேன் மாதிரி ஒரு பழுப்புத் திரவம் கசிந்து வந்தது. பிறகு துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டு, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்கு உருண்டிருந்த பஞ்சுத் தூசியைக் குச்சியால் நோண்டி எடுத்தார். அடிநூல் உருளையை வைக்கும் பாபின் கேஸும் தோல் பெல்ட்டும் மட்டும் புதிது. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 900 ரூபாய். அன்று சாயங்காலம் என் மகளின் பழைய ஜீன்ஸை எட்டாக மடித்து வைத்து மிதித்தேன். தடக் தடக் என்று ஒரே சீராக இறங்கிப் போனது. ஆறு மாதமாக நான் பட்ட பாடு அந்த ஒரு வரித் தையலில் முடிந்துவிட்டது.

இதில் எனக்குப் புரிந்த விஷயத்தைச் சொல்கிறேன். பைக்கு நேர்த் தையல் ஒன்று போதும். ஜிக்ஜாக் எதற்கு வேண்டும்? துணி ஓரம் பிசிறாமல் இருக்க. பைக்கு உள்ளே லைனிங் வருகிறதே, எல்லா ஓரமும் இரண்டு துணிக்கு நடுவே மறைந்துவிடுகிறது, பிசிறினாலும் வெளியே தெரியாது. காஜா எடுக்கும் வேலை பையில் கிடையாது, ஜிப்போ மேக்னட் பட்டனோ வைத்துவிடுகிறோம். பூத்தையல் அழகுதான், ஆனால் கேன்வாஸில் நேராக, இடைவெளி மாறாமல் வெளியே தெரிய ஓடும் ஒரு டாப் தையலுக்கு இருக்கிற மதிப்பு அதற்கு வராது. அப்படிப் பார்த்தால் இருபத்தொரு தையலில் இருபதுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்த ஒன்றே ஒன்று பலமாக விழாத மிஷினை நான் வாங்கியிருந்தேன். பலம் எங்கிருந்து வருகிறது என்றால் எடையில் இருந்து. வார்ப்பிரும்புத் தலையும் கனமான சக்கரமும் சுற்ற ஆரம்பித்துவிட்டால் அந்த வேகமே ஊசியைத் துணிக்குள் இறக்கிவிடும். மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் பின்னிக்கொள்ளும் இந்தத் தையலின் அடிப்படை, சிங்கர் 1851இல் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. நம் ஊரில் உஷா 1930களில் தொடங்கியது. உஷாதான் வேண்டும் என்று இல்லை, சிங்கர், மெரிட், ரீட்டா எதுவாக இருந்தாலும் கறுப்பு மிஷின் கிட்டத்தட்ட ஒரே உடம்புதான். அதனால் பாபின், ஊசி, பூட் (துணியை அமுக்கிப் பிடிக்கும் இரும்புக் கால்), ஸ்பிரிங் எல்லாம் எந்தச் சின்ன ஊர் தையல் சாமான் கடையிலும் கிடைக்கிறது. லூதியானாவில் இருந்து உதிரி பாகம் வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளை மிஷினுக்கு ஒரு பிளாஸ்டிக் கியர் வாங்க நான் மூன்று வாரம் காத்திருந்தேன்.

கறுப்பு மிஷினில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். கைப்பிடி நாடாவைப் பையின் மேல் வைத்து ஒரு சதுரம் அடித்து, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போடுவது. சுமை முழுக்க இந்த ஒன்றே கால் அங்குலச் சதுரத்தில்தான் தொங்கப்போகிறது. மூலைக்கு இரண்டு தையல் இருக்கும்போதே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வலது கையால் சக்கரத்தைப் பிடித்து ஒவ்வொரு தையலாக இறக்குவேன். ஊசி நாடாவைத் துளைக்கும்போது ஒரு சின்னத் தடை, அப்புறம் கேன்வாஸ், அப்புறம் பின்னால் வைத்திருக்கும் ஒட்டுத்துணி, ஒவ்வொன்றையும் கையிலேயே உணரலாம். ஊசி மூலையில் சரியாக இறங்கி நிற்கும்போது பூட்டைத் தூக்கி, பையை மொத்தமாகத் திருப்பி, பூட்டை இறக்கி, மறுபடி மெதுவாக. அந்த இரும்புச் சக்கரம் நான் சுற்றுகிற அளவுக்குத்தான் நகரும், கூடவும் போகாது குறையவும் போகாது. பெடலை லேசாகத் தொட்டாலே பாய்ந்துவிடும் மிஷினில் இந்தச் சதுரம் எனக்கு ஒருநாளும் நேராக வந்ததில்லை.

குறைகள் உண்டு, அதையும் மறைக்கவில்லை. முதல் குறை, தட்டையான பலகை. வெள்ளை மிஷினில் அடியில் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பையை அதில் மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைக்கலாம். இதில் அது முடியாது. சின்னப் பர்ஸின் வாயைச் சுற்றி டாப் தையல் போட வேண்டுமென்றால் பர்ஸை உள்பக்கம் மேலே வருமாறு வைத்து, பூட்டைப் பர்ஸுக்குள் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தைக்க வேண்டும். பழகிவிட்டால் வருகிறது, ஆனால் ஆறு அங்குலத்துக்குச் சின்ன வாய் என்றால் நான் கையாலேயே தைத்துவிடுகிறேன். இரண்டாவது, பூட் ஓரளவுக்கு மேல் உயராது. பத்து அடுக்குக்கு மேல் போனால் துணியை உள்ளே நுழைப்பதே கஷ்டம். மூன்றாவது, இடம். ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு சின்ன மேஜை அளவு இடம் பிடிக்கும், இரண்டு பேர் இல்லாமல் நகர்த்த முடியாது, வாடகை வீடு மாறுகிறவர்கள் யோசிக்க வேண்டும். மிதிக்கத் தெரியாதவர்களுக்கு முதல் வாரம் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருக்கும், நூல் கோக்காமல், துணி வைக்காமல், பூட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வெறும் மிதியைப் பழகினால் நான்கு நாளில் சரியாகிவிடும். முட்டி வலி இருந்தால் பின்னால் ஒரு மோட்டார் மாட்டிக்கொள்ளலாம், அதற்கு ஸ்டாண்டுகூட வேண்டாம். நான் மாட்டவில்லை. கரண்ட் போனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தைக்க முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி சாமான். ஆரம்பத்தில் ஆன்லைனில் "பை தைக்கும் கிட்" என்று ஒன்று வாங்கினேன். அதில் வந்த வளையம் பார்க்கப் பளபளவென்று இருந்தது, இரண்டு கிலோ காய்கறி போட்டுத் தூக்கியதும் இணைப்பு விட்டு ஆங்கில சி எழுத்து மாதிரி திறந்துகொண்டது. அதிலிருந்து நேரில் கையில் எடுத்துப் பார்க்காமல் எந்த இரும்புச் சாமானும் வாங்குவதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம், நேரு ஸ்டேடியம் பக்கம், சைடன்ஹாம்ஸ் ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் வந்து இறங்கி விற்பனையாகும் இடம் என்பதால் செருப்புக்கும் பைக்கும் வேண்டிய எல்லாமே அங்கே உண்டு: ரெக்சின், ஃபோம், நாடா, டி வளையம், கொக்கி, ரிவெட், மேக்னட் பட்டன், பசை. தெருவுக்குள் நுழைந்ததுமே தோலும் பசையும் கலந்த வாசனை வரும், எனக்கு இப்போது அந்த வாசனை வந்தாலே கை துறுதுறுக்கிறது.

ஆனால் அங்கே போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், அது மொத்த வியாபாரத் தெரு. வளையம் கேட்டால் "எத்தனை குரோஸ்?" என்பார்கள். ஒரு குரோஸ் என்றால் 144. நான் முதல் தடவை நான்கு வளையம் கேட்டு நின்றபோது இரண்டு கடையில் தலையசைத்து அனுப்பிவிட்டார்கள், அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, நான்கு வளையத்துக்காக மூட்டையைப் பிரிக்க முடியாதுதான். மூன்றாவது கடைக்காரர் வயதானவர், "வீட்ல தைக்கிறியாம்மா? டஜன் எடுத்துக்க" என்று ஒரு டஜன் எண்ணிக் கொடுத்தார், அதோடு ஒரு பாடமும். வளையத்தை வாங்கும்போது வாய் சேரும் இடத்தைப் பார், அங்கே பற்றவைத்திருக்க வேண்டும், வெறுமனே வளைத்து முட்டவைத்திருந்தால் வேண்டாம் என்றார். நகத்தை அந்த இடத்தில் ஓட்டிப் பார்த்தால் கோடு தட்டுப்படக் கூடாது. இப்போது அவர் கடைக்குத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நான் போன அன்று பல கடைகள் பூட்டியிருந்தன. சனிக்கிழமை காலை நல்லது.

ரெக்சின் மீட்டர் கணக்கு, அகலம் பெரும்பாலும் 54 அங்குலம், அரை மீட்டர் வாங்கினாலே இரண்டு ஸ்லிங் பை வந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளதை வீட்டு மிஷினுக்கு எடுக்க வேண்டாம். அப்புறம் ரெக்சினில் குண்டூசி குத்தவே கூடாது, ஓட்டை அப்படியே நின்றுவிடும், க்ளிப் மாட்டித்தான் தைக்க வேண்டும். தையலைப் பிரித்துத் தைத்தாலும் அதே கதிதான், அதனால் ரெக்சினை முதல் பையாக எடுக்காதீர்கள். இரும்பு பூட்டுக்கு அடியில் ரெக்சின் ஒட்டிக்கொண்டு நகராது, கேக் தட்டில் போடும் பட்டர் பேப்பரை ஒரு கீற்று வெட்டி மேலே வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நிஜத் தோல் சதுர அடிக் கணக்கு, ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் அதன் அளவை எழுதியிருப்பார்கள். மெல்லிய ஆட்டுத்தோல் என்றால் கறுப்பு மிஷின் தைக்கும், தோலுக்கென்றே முனை வெட்டிய ஊசி போட வேண்டும். மாட்டுத்தோல் கனத்துக்கு அது ஆகாது, முயற்சி செய்து மிஷினைக் கெடுக்காதீர்கள், அதற்கு மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் வேறு மிஷின் இருக்கிறது.

துணிக்குப் பாரிமுனை, கோடவுன் தெரு. இதுவும் மொத்த வியாபாரம்தான், ஆனால் வெட்டுத்துண்டு விற்கும் கடைகள் இருப்பதால் நம் மாதிரி ஆட்களுக்குப் பொறுமை இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை, தையல் கடையில் கேன்வாஸ் என்று கேட்டால் சட்டைக் காலருக்கு உள்ளே வைக்கும் துணியை எடுத்துக் கொடுப்பார்கள். பை தைக்கிற கெட்டிக் காட்டன் வேண்டுமென்று விளக்கமாகச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பில் வெளித்துணி சுருங்கி, லைனிங் தளர்ந்து, பை தொளதொளவென்று ஆகிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த துணி பவானி ஜமக்காளம். கல்யாண மண்டபத்தில் விரிப்பார்களே அதேதான், ஈரோடு மாவட்டத்துக் கைத்தறி, புவிசார் குறியீடு வாங்கியது. வண்ணப் பட்டை அகலமாக, கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையும் நீலமும். பைக்கு இது ஏன் நல்லது என்றால், நெசவே தடிமனாக இருப்பதால் ஃபோம் வேண்டாம், இஸ்திரி போட்டு ஒட்டுகிற பியூசிங் துணியும் வேண்டாம், தைத்த பை தானாகவே நிற்கும். பட்டையை அகலவாட்டில் வைத்தால் ஒரு மாதிரி, உயரவாட்டில் வைத்தால் வேறு மாதிரி, வேறு அலங்காரமே தேவையில்லை. ஆனால் வெட்டிய நிமிஷத்திலிருந்து ஓரம் பிரியும். வெட்டுவதற்கு முன்பே வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு வரி தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டுவேன், தையல் விளிம்பும் அரை அங்குலத்துக்குப் பதிலாக முக்கால் அங்குலம் விடுவேன். சாயம் போகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிடுங்கள், வெள்ளைச் சுடிதாரோடு மாட்டிக்கொண்டு போகிற பை அது. இந்தத் துணியைத்தான் வெள்ளை மிஷின் தொடவே மறுத்தது, கறுப்பு மிஷின் பருத்திப் புடவை மாதிரி தைத்தது.

ஊசி, நூல் விஷயத்தில் நான் நிறைய நாள் வீணடித்தேன், நீங்கள் வீணடிக்க வேண்டாம். ஜாக்கெட் தைக்கிற 14ஆம் நம்பர் ஊசியில் பை தைக்கக் கூடாது. கேன்வாஸுக்கு 16, ஜமக்காளத்துக்கும் நாடாவுக்கும் 18. பாக்கெட்டில் 100, 110 என்றும் போட்டிருக்கும், ஊசியின் தடிமன் ஒரு மில்லிமீட்டர், ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர் என்று அர்த்தம். கடையில் வீட்டு மிஷின் ஊசி என்று கேட்டு வாங்குங்கள், தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், ஃபேக்டரி மிஷின் ஊசி முழு உருண்டை, இரண்டும் ஒரே டப்பாவில்கூடக் கிடக்கும், மாற்றிப் போட்டால் தையலே விழாது. ஒரு ஊசியில் மூன்று பைக்கு மேல் தைக்காதீர்கள், மொட்டை ஊசிதான் பாதித் தொல்லைக்குக் காரணம். நூல் பாலியஸ்டர்தான். சாதாரணக் காட்டன் நூலைக் கையில் சுற்றி இழுத்துப் பாருங்கள், பட்டென்று போகும், சுமை தூக்கும் பைக்கு அது ஆகாது. தையல் நீளத்தையும் கூட்டி வைக்க வேண்டும், அங்குலத்துக்கு எட்டுத் தையல் எனக்குச் சரியாக வருகிறது, நெருக்கமாகப் போட்டால் ரெக்சினில் தபால்தலை மாதிரி கிழிந்து வரும். நாடா நைலான் என்றால் வெட்டிய முனையை மெழுகுவர்த்தித் தீயில் லேசாகக் காட்டினால் உருகி மூடிக்கொள்ளும், காட்டன் நாடாவைக் காட்டக் கூடாது, மடித்துத்தான் தைக்க வேண்டும்.

அளவு எடுப்பதில் ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன், இது யாரும் எனக்குத் தெளிவாகச் சொல்லாதது. பைக்கு அடி வர, கீழ் இரண்டு மூலையிலும் சதுரம் வெட்டி எடுக்கிறோம். நான்கு அங்குல அடி வேண்டுமென்று நான் ஒன்றரை அங்குலச் சதுரம் வெட்டினேன், மூன்று அங்குலம்தான் வந்தது, என் கணவரின் டிபன் பாக்ஸ் படுக்கவில்லை. எல்லாத் தையலுக்கும் ஒரே அரை அங்குல விளிம்பு விட்டால், பக்கத் தையலும் அடித் தையலும் சாப்பிடுவதை மூலைத் தையல் திருப்பிக் கொடுத்துவிடும், அதனால் துணி ஓரத்திலிருந்து அடியில் சரிபாதி அளந்து வெட்டினால் போதும். நான்கு அங்குல அடிக்கு இரண்டு அங்குலச் சதுரம். 17 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு வெட்டி இப்படித் தைத்தால், முடிந்த பை 12 அங்குல உயரம், அடி 12க்கு 4 என்று சரியாக நிற்கும். லைனிங்கை மட்டும் எல்லாப் பக்கமும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைத்து வெட்டுங்கள், அப்போதுதான் உள்ளே சுருண்டு கிடக்காது. ஃபோம் வைத்தால் தையல் விளிம்புக்குள் வராதபடி அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டிவிடுங்கள், மூலையில் பாதித் தடிமன் அங்கேயே குறைந்துவிடும். ஜிப் மீட்டர் கணக்கில் வாங்கி, ரன்னரைத் தனியாக வாங்கிக் கோத்துக்கொள்வது சிக்கனம், பைவாய்க்கு 5ஆம் நம்பர், உள் பாக்கெட்டுக்கு 3. ஜிப் தைக்க ஒற்றைக்கால் பூட் தனியாக வாங்க வேண்டும், ஐம்பது ரூபாய்க்குள்தான் இருக்கும்.

செலவு என்ன ஆகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். போன மாதம் தைத்த கேன்வாஸ் தோள்பைக்கு வெளித்துணி, லைனிங், ஃபோம், நாடா, ஜிப், இரண்டு டி வளையம், நூல் எல்லாம் சேர்த்து 380 ரூபாய் ஆனது. வெட்டித் தைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. கடையில் அதைவிடக் குறைவாக ஒரு பை கிடைக்கும், கிடைக்காது என்று சொல்லவில்லை. ஆனால் கடைப் பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், கைப்பிடி ஒரே ஒரு வரித் தையலில் லைனிங்கோடு தொங்கிக்கொண்டிருக்கும். நான் தைத்த முதல் பை இரண்டு வருஷமாக அத்தையோடு மார்க்கெட்டுக்குப் போய் வருகிறது, துணி வெளுத்திருக்கிறது, அந்தச் சதுரத் தையல் ஒரு நூல்கூட நகரவில்லை. கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியில் தடை வந்தது, மஞ்சப்பையை மீட்டெடுக்கும் இயக்கம் 2021 டிசம்பரில் வந்தது, அதன் பிறகு எங்கள் தெருவில் துணிப்பை கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் நான்கு பேருக்குத் தைத்துக் கொடுத்தேன். கேட்கிறவர்களிடம் சாமான் செலவோடு தையல் கூலியையும் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள், ஒரு நாள் உழைப்பு அது.

அப்படியானால் வெள்ளை மிஷின் வாங்கவே கூடாதா? ஜாக்கெட், சுடிதார், குழந்தை உடுப்பு முக்கியம், பை எப்போதாவது ஒன்று என்றால் தாராளமாக வாங்கலாம். மெல்லிய காட்டனில், சுங்குடியில், ஃபோம் இல்லாமல் சின்னச் சின்ன பர்ஸ் தைத்தால் அதிலேயே அழகாக வரும். பைதான் தைக்கப் போகிறேன் என்று முடிவு செய்தவர்களுக்குக் கறுப்பு மிஷின். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்த தையல் மிஷின் உங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலாவது சும்மா இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

யாரிடமும் இல்லை, பழையது விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்றால், பெயின்ட் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், எங்கேயும் இடறாமல் ஒரே மாதிரி வர வேண்டும். ஊசிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் தேய்ந்துவிட்டது. பல்லைத் தொட்டுப் பாருங்கள், விரலில் சுரண்ட வேண்டும், வழவழவென்று இருந்தால் துணியை இழுக்காது. தலையைச் சாய்த்து அடியில் துரு எவ்வளவு என்று பாருங்கள், மேலோட்டமான துரு பரவாயில்லை, ஷட்டிலில் பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். போகும்போது உங்கள் பழைய ஜீன்ஸின் கால் ஒன்றை வெட்டி, 16ஆம் நம்பர் புது ஊசி ஒன்றையும் பாலியஸ்டர் நூல் ஒரு உருளையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எட்டாக மடித்து வைத்து, உங்கள் ஊசி, உங்கள் நூலைப் போட்டு, அவர்கள் எதிரிலேயே ஒரு சாண் தைத்துப் பார்த்துவிட்டு, திருப்பிப் போட்டு அடிப்பக்கத் தையலையும் பாருங்கள். மேலும் கீழும் ஒரே மாதிரி விழுந்திருந்தால் அப்புறம் விலை பேசலாம்.